பெட்டி எதையும் கேட்கக் கூடாது

கோழிக் கம்பெனியின் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் சின்னவள் கையுறை மாட்டிக்கொள்வாள். வேறெந்த இடத்திலும் அவள் அப்படிச் செய்வதில்லை. பல் டாக்டருடைய கம்ப்யூட்டர், பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர், ஏன், பிணவறை ஆஃபீஸ் கம்ப்யூட்டரைக்கூட வெறுங்கையால் பிரித்துப் போட்டிருக்கிறாள். இங்கே மட்டும் முடியாது. கீபோர்டு முழுக்கக் கொழுப்பு. சாவிகளின் சந்தில் மஞ்சளாக ஏதோ உறைந்து கிடக்கும். காற்றாடி மூடியைக் கழற்றினால் உள்ளே இறகு. ஒருமுறை ஒரு நகம் கிடைத்தது. கோழியுடையதா மனுஷனுடையதா என்று ஆராய அவள் நிற்கவில்லை.

வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் சின்னவள். முப்பத்து நாலு வயதாகி, சொந்தமாகத் தொழில் வைத்து, நாலு பேர் மதிக்கிற ஆளான பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. கம்பெனி மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார், என்னவோ தூக்கி வளர்த்தவர் மாதிரி. அன்றைக்குக் காலையில் போன் பண்ணியதும் அவர்தான்.

“சின்னவளே, அர்ஜென்ட்டு. ரெண்டு மணிக்கு சுகாதார அதிகாரி வர்றாங்க. அதுக்குள்ள நம்ம பெட்டி எதையும் கேக்காம எழும்பணும். புரியுதா? ஆன் பண்ணா வாயத் தொறக்கக் கூடாது.”

புரிந்தது. புரியாமல் என்ன.

கம்பெனியில் மூன்று குளிர் அறைகள். எந்த அறையில் எவ்வளவு குளிர் என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டி குறித்துக்கொள்ளும். குறிப்பதற்கென்று தனியாக ஒரு டிஸ்க். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்னவள்தான் இதையெல்லாம் அமைத்துக் கொடுத்தாள். ஆன் பண்ணியதும் பெட்டி தன்னோடு என்னென்ன டிஸ்க் இருக்கிறது, எந்த டிஸ்க் எத்தனை பார்ட்டிஷனாகப் பிரிந்திருக்கிறது என்று தானே தேடிப் பார்க்கும். பிறகு அவள் எழுதிவைத்த பட்டியலைப் படித்து, ஒவ்வொரு பார்ட்டிஷனையும் அதற்குரிய ஃபோல்டரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மவுண்ட் பண்ணுவது என்று அதற்குப் பெயர். பட்டியலில் இருக்கிற டிஸ்க் கண்ணில் படவில்லை என்றால் மேலே போகாது. பதிவு டிஸ்க் இன்னும் வரவில்லை, காத்திருக்கவா, இல்லை விட்டுவிட்டுப் போகட்டுமா என்று திரையில் கேட்டுவிட்டு நிற்கும். விட்டுவிட்டுப் போக எஸ் என்கிற எழுத்துச் சாவியை அழுத்த வேண்டும்.

இப்போது அந்த டிஸ்க் இல்லை. மேனேஜர் கழற்றிக்கொண்டு போய்விட்டார். கெட்டுப்போய்விட்டதாம், தூக்கி எறிந்துவிட்டாராம். பெட்டிக்கு இந்தச் சூது வாது எல்லாம் தெரியுமா? ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் எங்கே என் டிஸ்க், எங்கே என் டிஸ்க் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அதிகாரி முன்னால் அப்படிக் கேட்டு வைத்தால் மேனேஜர் கதை கந்தல்.

இது தெரிந்தும் சின்னவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள் என்றால் அதற்குக் காரணம் அத்தான்.

அத்தான் என்பது அக்காவின் புருஷன். பதினோரு வருஷமாக அந்தக் கம்பெனியில் குளிர் அறைகளுக்குப் பொறுப்பு. பத்து நாளைக்கு முன்னால் அங்கேயிருந்து போன கோழிக்கறியைச் சாப்பிட்ட மாணவர் விடுதிப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் போய் விழுந்தார்கள். ஒரு பெண்ணுக்கு இன்னும் டிரிப்ஸ் இறங்கிக்கொண்டிருக்கிறது. பதினைந்தாம் தேதி காலையில் அந்தக் கறியை மூன்றாம் அறையிலிருந்து எடுத்து வண்டியில் ஏற்றியது அத்தான்.

அந்தக் கறியைக் கெட விட்டது அத்தான்தான் என்பதில் சின்னவளுக்குச் சந்தேகமே இல்லை. செய்யாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பாள். அக்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே அந்த மனுஷனைக் கண்டால் அவளுக்கு ஆகாது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத அந்தக் கோழி வாடை. சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவாமல் காய்ந்துபோகிற வரை கதை பேசுவது. எதைச் செய்தாலும் ஆமை மாதிரி ஒரு நிதானம். பஸ் வரவில்லை, கடை மூடியிருந்தது, எனக்கு யாரும் சொல்லவில்லை என்று எதற்கும் வாயில் ஒரு சாக்கு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது பதினொன்றாம் தேதியிலிருந்து நாலு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தார். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? ஆனால் வார்டு வராந்தா பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, வருகிற போகிற நர்ஸ்கள் முன்னால் குதிகால் தோலை உரித்துக்கொண்டிருந்தார். சின்னவள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள்.

மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். பதினைந்தாம் தேதி காலையில் உன் புருஷன் அறைக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்கிவிட்டான். எல்லாம் டிஸ்க்கில் பதிவாகியிருக்கிறது. அது வெளியே வந்தால் ஜெயில். தூக்கக் கலக்கத்தில் மறந்துவிட்டேன் என்று ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்தால் வேலை போவதோடு முடியும். டிஸ்க்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. “நான் தூங்கல. நான் போறப்பவே கறி ஒரு மாதிரி நாறுச்சு. மேனேஜர்கிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். அலசி ஏத்துன்னாரு. வேற யாரோ என்னமோ பண்ணியிருக்காங்க” என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

அக்கா அழுதாள். சின்னவளுக்குப் பொறுமை போய்விட்டது.

“எப்பவும் வேற யாரோ! வேற யாரோ! ஒரு தடவையாவது நான்தான் செஞ்சேன்னு உங்க வாயில வந்திருக்கா அத்தான்? நாலு நாள் தூக்கமில்ல, கண்ண அசந்துட்டீங்க. அதச் சொல்றதுக்கு என்ன? உள்ள போய்க் கம்பி எண்ணப் போறீங்களா?”

சின்னவளே ஒரு தாளை எடுத்து, முத்து முத்தான தன் கையெழுத்தில் மன்னிப்புக் கடிதத்தை எழுதினாள். அவர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். இது நடந்தது முந்தாநாள் சாயங்காலம்.

ஆகவே இன்றைக்கு அவள் வந்தது மேனேஜருக்காக அல்ல. அந்தப் பாழாய்ப்போன டிஸ்க் இருந்த சுவடே தெரியாமல் செய்துவிட்டால் அக்கா குடும்பம் பிழைக்கும். செய்வது அசிங்கமான வேலை என்று தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டு செய்துவிட்டுப் போய்க் குளித்துவிடலாம் என்று நினைத்தாள்.

பெட்டி இருந்தது வெட்டுக் கூடத்தின் மூலையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால். தரை ஈரம் செருப்பில் பிசுபிசுத்தது. மேனேஜர் வாசலிலேயே வழிமறித்து வரவேற்றார். அவரோடு அவர் சென்ட்டும் வந்தது. நாள் முழுக்கக் கோழிக்கு நடுவே நிற்கிற மனுஷன், அந்த நாற்றம் தன்மேல் ஏறக் கூடாது என்று அரை பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு வருவார். வெட்டுகிறவர்கள் அவரைச் சென்ட்டு என்றே சொல்வார்கள். அழுகலுக்கும் மல்லிகைக்கும் நடுவில் மூச்சு விடுவது எப்படி என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. வாயால் விட்டாள்.

“சீக்கிரம் முடிச்சிடும்மா. உங்க அத்தானுக்காகத்தான் இவ்வளவும்” என்றார் மேனேஜர், குரலைத் தாழ்த்தி.

“சரி சார்.”

ஆன் பண்ணினாள். பெட்டி தேடியது. தேடிவிட்டு நின்றது. பதிவு டிஸ்க் இன்னும் வரவில்லை.

கையுறை மாட்டிய விரலை எஸ் சாவிமேல் கொண்டுபோனபோதுதான் கவனித்தாள். மற்ற சாவிகளில் எல்லாம் எழுத்து இருந்தது. எஸ்ஸில் எழுத்தே இல்லை. கொழுப்பு விரல்கள் பட்டுப் பட்டு எழுத்து அழிந்து, அந்த ஒரு சாவி மட்டும் எண்ணெய் தேய்த்த மொட்டைத்தலை போலப் பளபளத்தது. பத்து நாளில் இப்படித் தேயாது. திரைக்கு மேலே அவள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது. எஸ் அழுத்தாதீர்கள், காத்திருங்கள்.

தரை கழுவுகிற அம்மா வாளியோடு அந்தப் பக்கம் வந்தாள்.

“யாரும்மா இதை இப்படிப் போட்டு அமுக்குறது?”

“எல்லாருந்தான்” என்றாள் அந்த அம்மா, அதில் என்ன தப்பு என்கிற மாதிரி. “தெனமும் நாலு மணிக்குத் தண்ணி அடிச்சுக் கழுவுறப்ப ஷாக் அடிக்கும்னு இந்தப் பக்கத்து மெயினை ஆஃப் பண்ணிடுவோம். மறுபடி போட்டா இது வந்து மொறச்சுக்கிட்டு நிக்கும். மூணு நிமிஷம் யாரு நிப்பா? எஸ்ஸத் தட்டுனா வழிவிட்டுரும். உங்க அத்தான் ஒருத்தருதான் தட்டமாட்டாரு. மத்தவங்களையும் தட்ட விடமாட்டாரு. எங்க கொழுந்தியா சொல்லியிருக்குன்னு கையக் கட்டிக்கிட்டு நிப்பாரு, என்னமோ சாமி வரப்போற மாதிரி.”

அந்த டிஸ்க் பழசு, சோம்பேறி. சுற்றி வேகம் பிடித்துப் பெட்டியின் கண்ணில் பட இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். அதனால்தான் சின்னவள் காத்திருக்கச் சொல்லியிருந்தாள். சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் அத்தான் என்பது அவளுக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை. ஆமைக்கு நிற்பது கஷ்டமா என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

வேலை ஐந்து நிமிஷம். பட்டியலைத் திறந்தாள். பதிவு டிஸ்க்குக்கு உரிய வரியை அழித்தாள். பெட்டியை அணைத்து மறுபடி போட்டாள். எதையும் கேட்காமல், ஒரு முனகல்கூட இல்லாமல் எழும்பியது. அந்த மாதிரி ஒரு டிஸ்க்கை ஆயுசிலேயே பார்த்ததில்லை என்று சத்தியம் பண்ணுகிற முகத்தோடு நின்றது. அப்பட்டமான பொய். அதைச் சொல்லப் பழக்கிவிட்டவள் அவள்தான்.

கிளம்புவதற்கு முன்னால், அறைக் குளிரைப் பெட்டி ஒழுங்காகக் குறிக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பதிவு ஃபோல்டரைத் திறந்தாள். டிஸ்க் போன பிறகு வந்த நாட்கள் மட்டும் அதில் இருக்க வேண்டும். பதினேழாம் தேதியிலிருந்து இன்றைக்கு வரை. இருந்தன. அவற்றுக்கு மேலே இன்னும் ஐந்து ஃபைல்கள் இருந்தன. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு, பதினைந்து.

இதெப்படி? டிஸ்க் போன பிறகு டிஸ்க்கில் இருந்தது எப்படி இங்கே வரும்?

பிறகு பட்டென்று உறைத்தது. டிஸ்க்கை ஒரு ஃபோல்டரில் மவுண்ட் பண்ணுவது என்பது ஒரு தட்டின்மேல் இன்னொரு தட்டை வைப்பது மாதிரி. மேல் தட்டு இருக்கிற வரைக்கும் அடித்தட்டில் கிடப்பது யாருக்கும் தெரியாது. எஸ்ஸைத் தட்டிவிட்டுப் போனால் மேல் தட்டு வராது. குறிக்கிற புரோகிராம் அதை ஒன்றும் விசாரிக்காமல் அடித்தட்டிலேயே எழுதித் தள்ளும். டிஸ்க் உண்மையிலேயே மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுது என்று அந்தப் புரோகிராமுக்கு ஒரே ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காதது அவளுடைய சோம்பேறித்தனம்.

மறுபடி யாராவது காத்திருந்து டிஸ்க் மவுண்ட் ஆகிவிட்டால், அடியில் கிடப்பது மறைந்துபோகும். மேனேஜர் மேல் தட்டைத் தூக்கிக்கொண்டு போனதால் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அதற்கும் முன்னால் அடியில் விழுந்ததை மாதம் கழிந்ததும் பெட்டியே அழித்திருக்கும். சரி, இந்தத் தடவை எஸ்ஸைத் தட்டியது யார்? யாரோ, எல்லாருமே. தட்ட விடாத ஆள் அந்த நாலு நாளும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வந்த பதினைந்தாம் தேதி சாயங்காலம் நாலு மணியோடு அடித்தட்டுப் பதிவு நின்றுவிடுகிறது. அன்றைக்கு அவர் மூன்று நிமிஷம் காத்திருந்திருக்கிறார்.

சின்னவள் பதினொன்றாம் தேதியைத் திறந்தாள். மூன்றாம் அறை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மைனஸ் பதினெட்டு. ஐந்தரைக்கு மைனஸ் பதினாறு. எட்டுக்கு மைனஸ் ஒன்பது. அடுத்த ஃபைலில், விடியற்காலை ஐந்துக்கு ப்ளஸ் ஆறு. ஆறு மணிக்குப் பிறகு மெல்ல இறங்கத் தொடங்குகிறது. பன்னிரண்டாம் தேதியும் அதே மாதிரி. பதின்மூன்றும், பதினாலும். ஒன்றாம் அறையிலும் இரண்டாம் அறையிலும் ஒரு சலனமும் இல்லை. மூன்றாம் அறை மோட்டாரை மட்டும் யாரோ தினமும் ஐந்து மணிக்கு நிறுத்தி, விடிந்ததும் போட்டிருக்கிறார்கள். நாலு தடவை அந்தக் கறி கரைந்து, நாலு தடவை திரும்ப உறைந்திருக்கிறது.

பதினைந்தாம் தேதி காலையைப் பார்த்தாள். கதவைத் திறந்துபோட்டுத் தூங்கியிருந்தால் சூடு ஏறி இறங்கியிருக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை. ஆறு மணியிலிருந்து நேராக இறங்கிக்கொண்டே போகிறது. அத்தான் போய்க் கதவைத் திறந்தபோது அறை குளிராகத்தான் இருந்திருக்கிறது. கறிதான் நாறியிருக்கிறது. அவர் சொன்னது அத்தனையும், எழுத்துக்கு எழுத்து, அப்படியே நடந்திருக்கிறது.

கரைந்த கறி நாலு நாளாகத் தன் தண்ணீரிலேயே ஊறுவது கண்ணில் வந்தது. அதை அலசி ஏற்றச் சொன்ன சென்ட் மணம் மூக்கில் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, முத்து முத்தாக ஒரு கடுதாசி வந்தது.

பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகினாள். செருகியதும் பெட்டி தன் சுபாவப்படி அதைத் தானே கண்டுபிடித்து, டிங் என்று ஒரு சத்தம் போட்டு, திரை நடுவில் பெரிசாக ஒரு ஜன்னலைத் திறந்து காட்டியது. இதோ ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்று. சனியனே, இப்போதா என்று அவள் பல்லைக் கடித்தாள்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். “பென் டிரைவ் எதுக்கு?”

“ஒரு அப்டேட் சார். அதப் போடலன்னா நாளைக்கு மறுபடி கேக்க ஆரம்பிச்சிடும்.”

“அய்யய்யோ, போடு போடு.” அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டார். “பெட்டி வாய அடைச்சாச்சில்ல? இனிமே கவலையில்ல. உங்க அத்தானும் பாவம், நல்ல மனுஷன். என்ன, கொஞ்சம் மந்தம். அந்தக் கடுதாசிய யாரு எழுதினது? ரொம்ப அழகா எழுதியிருந்துச்சு.”

ஐந்து ஃபைலும் இறங்கி முடிந்தது. பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தவள் கூடத்தைத் தாண்டிக் கழிவுநீர்க் கால்வாய் வரைக்கும்தான் போக முடிந்தது. குனிந்து வாந்தி எடுத்தாள். தரை கழுவுகிற அம்மா ஓடிவந்து நெற்றியைப் பிடித்தாள், சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

“புதுசா வர்றவங்களுக்கு இந்த வாடை ஒத்துக்காதும்மா” என்றாள்.

“வாடை இல்லம்மா” என்றாள் சின்னவள், வாயைத் துடைத்துக்கொண்டு. “சாயங்காலம் மூணாம் ரூம் மோட்டார யாரு நிறுத்துறது?”

“நாந்தான். அந்த நாலு நாள் மட்டும். கரண்ட் பில் எகிறுதுன்னு மேனேஜர் நிறுத்தச் சொன்னாரு. உங்க அத்தான் இருந்தா விடமாட்டாரு, அவரு லீவுல போனப்பதான்.” அந்த அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். “ஏம்மா, தப்பா?”

“ஏன் இதை யாருகிட்டயும் சொல்லல?”

“என்னை யாரும்மா கேட்டா?”

இரண்டு மணிக்கு அதிகாரி வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. தலையில் வலைத் தொப்பி, கையில் பெரிய நோட்டு. மேனேஜர் குழைந்து குழைந்து கண்ணாடித் தடுப்புக்குள் அழைத்து வந்தார். அத்தானையும் வரச்சொல்லியிருந்தார்கள். சுவரோரமாக, இருக்கிற ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, முட்டியைச் சொறிந்தபடி நின்றார். மேஜைமேல் அந்தக் கடுதாசி கிடந்தது.

“இந்தப் பெட்டியில பதிவு எதுவும் இருக்கா?” என்று அதிகாரி கேட்டார்.

“டிஸ்க் கெட்டுப்போச்சும்மா. பழசெல்லாம் போயிடுச்சு” என்றார் மேனேஜர், வாய் கூசாமல்.

“இருக்கும்மா” என்றாள் சின்னவள்.

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். சின்னவள் ஃபோல்டரைத் திறந்து காட்டினாள். மேல் தட்டு, அடித்தட்டு, எஸ் சாவி எல்லாவற்றையும் சொன்னாள். புரோகிராமில் ஒரு வரி சேர்க்காமல் விட்டது தன் தப்பு என்றாள். அந்த டிஸ்க்கை மறைப்பதற்காகக் காலையில் வந்து பட்டியலை மாற்றியதும் தான்தான் என்றாள்.

மேனேஜர் சத்தம் போட்டார். “இவ அவனோட கொழுந்தியாம்மா! சொந்தக்காரி! இவளே உக்காந்து எழுதிச் சேத்திருப்பா!”

“எழுதிச் சேத்திருக்கலாம்” என்றார் அதிகாரி, அமைதியாக. “பெட்டிய அப்படியே எடுத்துட்டுப் போய்ப் பாக்கச் சொல்றேன். நீங்க தூக்கிப்போட்ட டிஸ்க் எங்க கெடக்குன்னு அதுக்குள்ள ஞாபகப்படுத்திக்குங்க.”

அப்போது வாளியை வைத்துவிட்டுத் தரை கழுவுகிற அம்மா உள்ளே வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. வந்து, மோட்டாரை நிறுத்தியது நான்தான், இவர் சொல்லித்தான் என்று மேனேஜரை நேராகக் கைநீட்டிச் சொன்னாள். அந்தச் சின்ன அறையில் அவருடைய சென்ட் வியர்வையோடு கலந்து வீசியது. சின்னவள் இந்தத் தடவை மூக்கை மூடவில்லை.

அதிகாரி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். கடைசியாகக் கடுதாசியை எடுத்தார். மேலே இருந்த கையெழுத்தையும் கீழே இருந்த கோணல் ஒப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இத எழுதினது நீங்களா?” என்று அத்தானிடம் கேட்டார்.

அத்தான் சின்னவளைப் பார்க்கவில்லை. “ஆமாம்மா. நாந்தான் எழுதினேன்.”

“உங்கள எழுத வச்சது யாரு?”

“யாரும் இல்ல. நானாத்தான்.”

அந்த மனுஷன் பொய் சொல்கிறவர் என்று பதினாறு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள். தன்னைக் காப்பாற்ற அவர் சொன்ன இந்த ஒரு பொய்யைக் கேட்கும்போது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கையுறையைக் கழற்றினாள். அதற்கு ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரியவில்லை.

“இல்லம்மா, நான் எழுதினேன்” என்றாள். “அவரு முடியாதுன்னுதான் சொன்னாரு. நான்தான் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினேன்.”

“ஏன்?”

“அவருதான் செஞ்சிருப்பாருன்னு நெனச்சேன்.”

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கம்பெனி வாசலில் பஸ் நிறுத்தம். அத்தான் போனில் அக்காவிடம் பேசினார். உன் தங்கச்சி காப்பாத்திட்டா, எல்லாம் சரியாப் போச்சு, அழாத என்றார். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு சின்னவள் பக்கத்தில் வந்து நின்றார். அதே வாடை. அவள் நகரவில்லை.

“ஒண்ணு கேக்கட்டுமா?” என்றார்.

“கேளுங்க.”

“அந்தப் பெட்டி சொன்னதும் நம்பிட்டே. நான் சொன்னப்ப ஏன் நம்பல?”

சின்னவள் ரோட்டைப் பார்த்தாள். நல்ல பதிலாக ஒன்று கிடைக்குமா என்று தேடினாள். உங்களுக்குத் தூக்கமில்லை என்று நினைத்தேன், மேனேஜர் சொன்னார், அக்கா அழுதாள், இப்படி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கீழே போட்டாள். அவ்வளவு கேவலத்தைப் பார்த்த நாளில் இன்னும் ஒரு சாக்குச் சொல்ல அவளால் முடியவில்லை.

“எனக்கு உங்களப் புடிக்காது அத்தான்” என்றாள். “அதான்.”

அவர் தலையை ஆட்டினார். கோபப்பட்ட மாதிரி தெரியவில்லை. தெரிந்த கணக்கை ஒருவர் சரியாகச் சொன்ன மாதிரி ஆட்டினார்.

“அது தெரியும். மொத நாள்லயிருந்தே தெரியும்” என்றார். “ஆனா அது வேற, இது வேற இல்லையா?”

பஸ் வந்தது. கூட்டம் நெரிந்தது. அவள் ஏறட்டும் என்று அவர் ஒதுங்கி வழிவிட்டார்.